பள்ளிக்கூடத்தில் ஒரு குவளைக் கஞ்சி

மேரீஸ் மீல்ஸ் என்பது ஏழை நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்கும் இடத்திலேயே நாள்தோறும் ஒரு வேளை உணவு கொடுக்கும் கிறிஸ்தவப் பின்னணி கொண்ட தொண்டு நிறுவனம். இதன் தலைமையகம் ஸ்காட்லாந்தில் இருந்தாலும் பணியின் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கிராமங்களில்தான் நடக்கிறது. 2002-ல் மலாவி நாட்டில் 200 பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றித் தொடங்கிய இந்த வேலை, 2015-ல் பத்து லட்சம் பிள்ளைகளையும் 2021-ல் இருபது லட்சம் பிள்ளைகளையும் எட்டியது. மலாவியில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்த உணவைச் சாப்பிடுகிறார்கள்.

செய்வது ஒரே ஒரு காரியம்: பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சாப்பாடு. ஆனால் அந்த ஒரு வேளைச் சாப்பாடு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் கணவனை இழந்த பெண்களுக்கும் எப்படித் துணையாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மலாவியின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பசிக்கென்று ஒரு பருவம்

மலாவி, கடற்கரை இல்லாத சிறிய நாடு. ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளமுள்ள மலாவி ஏரி அதன் கிழக்குப் பக்கத்தில் பரந்திருக்கிறது. ந்யாசாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு, 1964 ஜூலை 6 அன்று விடுதலை பெற்றது. மக்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் கிராமங்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய உயிர்நாடி மக்காச்சோளம். அதன் மாவைக் கிண்டி ‘ன்சிமா’ செய்கிறார்கள். நம் ஊர்க் களியைப் போன்ற பதத்தில் இருக்கும் அது இல்லாவிட்டால், வேறு எதைத் தின்றாலும் சாப்பிட்டதாகவே அவர்கள் கருதுவதில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. நிலம் கொஞ்சமே உள்ள குடும்பங்களில் அந்தத் தானியம் வருடக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை வயலில் பயிர் நிற்கும், வீட்டில் தானியம் இருக்காது. அந்த மாதங்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் அடுத்தவர் நிலத்தில் அன்றாடக் கூலிக்குப் போகிறார்கள். ‘கன்யு’ என்று அங்கே அழைக்கப்படும் அந்த வேலைக்குக் கூலி சில நேரம் பணமாகவும் சில நேரம் தானியமாகவும் கிடைக்கும். பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலையில் முடிவதால், பசி மிகுந்த மாதங்கள் படிப்பின் நட்டநடுவில் வந்து விழுகின்றன. வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை, மண்வெட்டியோடு யாருடைய வயலிலோ நிற்கும்.

2001-ல் வெள்ளத்தால் விளைச்சல் குறைந்தது. நாட்டின் அவசரகாலத் தானியக் கையிருப்பு, 1,60,000 டன்னுக்கு மேல், பஞ்சம் முற்றுமுன்பே விற்கப்பட்டிருந்தது. மக்காச்சோளத்தின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 2002 பிப்ரவரியில் அதிபர் பக்கிலி முலூசி பேரிடர் நிலையை அறிவித்தார்.

தலைமுறையைப் பறித்த நோய்

அதே காலத்தில் எய்ட்ஸ் நோயும் உச்சத்தில் இருந்தது. மலாவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 1985-ல். 1990-களின் இறுதிக்குள், வயது வந்தோரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் ஹெச்.ஐ.வி. தொற்றோடு இருந்தார். நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகளை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004-ல்தான். அதற்குள், உழைக்கும் வயதிலிருந்த ஒரு தலைமுறையே ஊர் ஊராக மடிந்துபோனது. தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து லட்சமாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிப் பேருடைய இழப்புக்குக் காரணம் எய்ட்ஸ்.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதை இல்லங்களுக்குப் போகவில்லை. உறவினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதிலும் பாட்டிகளே முதலில் கைகொடுத்தார்கள். பெற்ற பிள்ளைகளை மண்ணில் புதைத்த கிழவிகள், பேரப்பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அடுப்பு மூட்டினார்கள். பாட்டியும் இல்லாத வீடுகளில் மூத்த பிள்ளையே குடும்பத் தலைவனாகவோ தலைவியாகவோ ஆனது. அப்படிப்பட்ட வீட்டில் படிப்பு முதலில் நிற்பதும் அந்த மூத்த பிள்ளைக்குத்தான்.

கணவனை இழந்த பெண்களின் பாடும் லேசானதல்ல. மலாவியின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் வாழும் செவா, யாவ், லோம்வே மக்களிடம் தாய்வழி மரபு இருக்கிறது. நிலம் பெண்வழியில் இறங்கும், கணவன்தான் மனைவியின் ஊருக்கு வருவான். ஆகவே அங்கே கைம்பெண்ணுக்குக் காலூன்ற மண்ணாவது மிஞ்சும். வடக்கே தந்தைவழி மரபு, பரிசம் கொடுத்துப் பெண்ணை அழைத்துவரும் வழக்கம். அங்கே கணவன் இறந்த பிறகு அவள் அந்த ஊரில் இருப்பதும் போவதும் அவனுடைய உறவினர் கையில் இருக்கிறது. இரண்டு பகுதிகளிலுமே, துக்கம் ஆறும் முன்பே கணவனின் உறவினர்கள் வந்து சைக்கிள், தையல் இயந்திரம், பாத்திரம், பண்டம், பணம் என்று வாரிக்கொண்டு போவது பரவலாக நடந்தது. 1998-ல் ஒரு சட்டத் திருத்தம் இதைக் குற்றமாக்கியது. 2011-ல் வந்த புதிய வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பாதுகாப்பை விரிவாக்கியது. ஆனால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரப் பஸ் காசு இல்லாதவளுக்குச் சட்டத்தின் கை எட்டுவது கடினம்.

திறந்த பள்ளி, வெறும் வயிறு

மலாவியில் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடே கிறிஸ்தவ சபைகளோடு வந்தது. 1875-ல் ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் லிவிங்ஸ்டோனியா மிஷனையும், 1876-ல் ப்ளான்டயர் மிஷனையும் தொடங்கினார்கள். ப்ளான்டயர் என்பது ஆப்பிரிக்கப் பயணியும் மருத்துவருமான டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர். கத்தோலிக்கத் துறவிகள் 1901 முதல் நிலையாகக் கால் ஊன்றினார்கள். இன்றும் நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கும் மேல் சபைகளுக்குச் சொந்தமானவை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு.

1994-ல் அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. ஒரே ஆண்டில் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய 19 லட்சத்திலிருந்து 29 லட்சத்துக்குத் தாவியது. கட்டடமும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை. மரத்தடியில் வகுப்புகள் நடந்தன. ஒரே ஆசிரியர் நூறு பேருக்கு மேல் பாடம் சொன்னார். கட்டணம் போன பிறகும் ஏழைப் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். வெறும் வயிற்றோடு பல கிலோமீட்டர் நடந்து வந்து, மதியம் வரை உட்கார்ந்து பாடம் கேட்க உடம்பில் தெம்பு இல்லை. அரசு பள்ளியின் கதவைத் திறந்துவைத்தது, பசி அந்தக் கதவை மறுபடியும் சாத்தியது.

தகரக் கொட்டகையில் தொடங்கியது

மேரீஸ் மீல்ஸ் நிறுவனத்தின் வேர், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் உள்ள டால்மாலி என்ற சிற்றூரில் இருக்கிறது. மாக்னஸ் மாக்ஃபார்லேன்-பாரோ, மீன் பண்ணையில் வேலை பார்த்த கத்தோலிக்க இளைஞர். 1983-ல் பதின்பருவத்தில் உடன்பிறந்தவர்களோடு, அப்போதைய யூகோஸ்லாவியாவின் மெஜுகோரியே என்ற மரியன்னைத் திருத்தலத்துக்குப் போய்வந்தார். அதன் பின் குடும்பத்தின் போக்கே மாறி, பெற்றோர் தங்கள் விருந்தினர் விடுதியைத் தியான இல்லமாக்கினார்கள்.

1992-ல், மெஜுகோரியே அமைந்துள்ள போஸ்னியாவில் போர் மூண்டது. அகதிகளின் நிலையைத் தொலைக்காட்சியில் பார்த்த மாக்னஸும் அவருடைய சகோதரர் ஃபெர்கஸும் அக்கம்பக்கத்தில் உணவும் போர்வையும் மருந்தும் திரட்டி, லேண்ட்ரோவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு மெஜுகோரியேவுக்குப் புறப்பட்டார்கள். ஒரு வாரம் விடுப்பு எடுத்துச் செய்த பயணம் அது. திரும்பி வந்தபோது, பெற்றோர் வீட்டுத் தகரக் கொட்டகை நிறைய மக்கள் கொண்டுவந்து கொடுத்த பொருட்கள் குவிந்திருந்தன. மாக்னஸ் வேலையை விட்டுவிட்டு அவற்றைக் கொண்டுசேர்க்கும் பணியில் இறங்கினார். அதிலிருந்து ஸ்காட்டிஷ் இன்டர்நேஷனல் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பு பிறந்தது.

2002 பஞ்சத்தின்போது அவர் மலாவிக்குப் போனார். அங்கே ஒரு குடிசையில், எய்ட்ஸ் நோயால் சாகக் கிடந்த ஒரு தாயைக் கண்டார். கணவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். வெறுந்தரையில் கிடந்த அவளைச் சுற்றி ஆறு பிள்ளைகள். தனக்குப் பின் இவர்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய வேண்டுதலாக இருந்தது. பதினான்கு வயது மூத்த மகனிடம், உனக்கு வாழ்க்கையில் என்ன ஆசை என்று மாக்னஸ் கேட்டார். வயிறாரச் சாப்பிட வேண்டும், என்றாவது பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சொன்னான் அந்தப் பையன்.

சாப்பாடும் படிப்பும் சேர்ந்த அந்தப் பதிலே நிறுவனத்தின் முழுத் திட்டமாயிற்று. பள்ளி உணவு என்ற யோசனை அப்போது உலக அளவிலும் பேசப்பட்டுவந்தது. அமெரிக்காவின் முன்னாள் செனட்டர்கள் ஜார்ஜ் மெக்கவர்னும் பாப் டோலும் எதிரெதிர்க் கட்சிக்காரர்களாக இருந்தும் ஏழை நாடுகளின் பள்ளி உணவுக்காக ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். மாக்னஸின் குழு அந்த யோசனையை ஒரு கிராமப் பள்ளியின் அளவுக்குச் சுருக்கிச் செயலாக்கியது. வறுமையில் தன் பிள்ளையை வளர்த்த தாய் என்பதால், இயேசுவின் அன்னை மரியாவின் பெயர் இந்த உணவுத் திட்டத்துக்கு வைக்கப்பட்டது.

விடியுமுன் எரியும் அடுப்பு

ஒரு பள்ளியில் உணவு தொடங்குவதற்கு நிறுவனம் மட்டும் முடிவெடுத்தால் போதாது, ஊரும் கைகொடுக்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து குழு அமைக்கிறார்கள். பள்ளி வளாகத்தில் சமையற்கூடமும் தானியம் பூட்டிவைக்கும் அறையும் கட்டுவதில் ஊராரின் உழைப்பும் சேர்கிறது. பெரிய பானைகளையும் மாவையும் நிறுவனம் தருகிறது. சமைப்பது யார் என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

சமைப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் பாட்டிமார்களும். யாருக்கும் சம்பளம் கிடையாது. முறைவைத்து வருகிறார்கள். முறைக்கு உரியவர்கள் விடியுமுன்பே எழுந்து தண்ணீர் கொண்டுவந்து, விறகை மூட்டி, பானையை ஏற்றுகிறார்கள். மூன்று பக்கமும் கல் வைத்த திறந்த அடுப்பில் விறகு வீணாகும் என்பதால், செங்கல்லால் சுற்றிக் கட்டிய, விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்புகள் போடப்பட்டிருக்கின்றன. மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து ஊற்றி, துடுப்புப் போன்ற நீண்ட மரக்கரண்டியால் நின்றவாறே கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். பானையின் அளவுக்கு இது தோள் நோகும் வேலை. கஞ்சி வெந்ததும் பிள்ளைகள் கை கழுவி, குவளையோடு வரிசையில் வருகிறார்கள்.

இந்தக் கஞ்சிக்கு ‘லிக்குனி பாலா’ என்று பெயர். பாலா என்றால் கஞ்சி, லிக்குனி என்பது தலைநகர் லிலோங்வேயை ஒட்டிய ஊர். மக்காச்சோள மாவோடு சோயா மாவைக் கலந்து, கொஞ்சம் சர்க்கரையும் வைட்டமின்களும் தாதுச்சத்தும் சேர்க்கிறார்கள். மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள புரதத்தைச் சோயா ஈடுகட்டுகிறது. மூலப்பொருளை முடிந்தவரை உள்நாட்டிலேயே வாங்குவது நிறுவனத்தின் கொள்கை. அதனால் நன்கொடைப் பணம் அந்த நாட்டு உழவர்களையும் மாவு ஆலைகளையும் போய்ச் சேர்கிறது. நிறுவனத்தின் கண்காணிப்பாளர்கள் பள்ளிகளுக்கு அடிக்கடி போய் மாவு இருப்பு, வருகைப் பதிவு, சமையற்கூடத்தின் சுத்தம் ஆகியவற்றைச் சரிபார்க்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே வரிசை

உணவு கொடுக்கப்படும் பள்ளியில் பிள்ளைகள் எல்லாருக்கும் உணவு உண்டு. பெற்றோர் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று தனிப் பட்டியல் போடுவதில்லை. இந்தத் திட்டத்தின் மிக நல்ல அம்சம் இதுதான். திட்டம் தொடங்கியபோது, எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஊர் ஒதுக்கிப் பார்த்தது. உதவிக்கென்று அவர்களைத் தனியே கூப்பிட்டு நிறுத்தினால், அந்த உதவியே அவமானமாகியிருக்கும். ஒரே வரிசையில் ஒரே கஞ்சி என்றானபோது, பெற்றோர் உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் பள்ளியில் வெறும் மாணவர்களாக மட்டும் இருக்க முடிந்தது.

இன்னொரு பயனும் உண்டு. அநாதை இல்லம் பிள்ளைக்குச் சோறு போடும், ஆனால் அதன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்துவிடும். தன் குலத்தின் வழியாகக் கொஞ்ச நிலமாவது பெற வேண்டிய பிள்ளை, ஊரை விட்டுப் போனால் அந்த உரிமையையும் இழக்கக்கூடும். பள்ளி உணவு பிள்ளையைப் பாட்டியின் வீட்டிலேயே இருக்கவிடுகிறது. நான்கு பேரப்பிள்ளைகளுக்குக் காலையில் என்ன கொடுப்பது என்ற கவலை பாட்டிக்குக் குறைகிறது. வீட்டில் மிஞ்சும் மாவு இரவுச் சாப்பாட்டுக்கு ஆகிறது. கூலிக்குத் துரத்த வேண்டியிருந்த பிள்ளையைத் தைரியமாகப் பள்ளிக்கு அனுப்ப முடிகிறது.

பள்ளி வயது வராத சிறு பிள்ளைகளுக்கும் இது விரிந்திருக்கிறது. எய்ட்ஸ் காலத்தில் தாயற்ற குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள மலாவிக் கிராமங்கள் தாமாகவே குழந்தைகள் காப்பகங்களை உருவாக்கின. ஊர்ப் பெண்கள் சம்பளமின்றி நடத்தும் அந்த இடங்கள் பலவற்றிலும் மேரீஸ் மீல்ஸ் கஞ்சி கொடுக்கிறது. குழந்தையை அங்கே விட்டுவிட்டுத்தான் பல கைம்பெண்கள் நிலத்து வேலைக்கும் சந்தைக்கும் போக முடிகிறது.

பிரிட்டன் முதலிய நாடுகளின் பள்ளிப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த முதுகுப் பைகளும் பல ஆண்டுகள் ஆப்பிரிக்காவுக்குப் போயின. நோட்டு, பென்சில், துணிமணி, செருப்பு, சோப்பு, பல் துலக்கி, ஒரு பந்து என்று அந்தப் பைகளில் இருந்தவை, பென்சில்கூட வாங்க முடியாத வீடுகளுக்குப் பெரிய உதவியாக இருந்தன.

நம்பிக்கையும் நன்கொடையும்

பக்தி என்று சொல்லத் தகுந்தது எது என்ற கேள்விக்கு, பைபிளில் யாக்கோபு திருமுகம் சுட்டுவது பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் செய்யும் உதவியைத்தான். பழைய ஏற்பாட்டில் அறுவடையின்போது வயலில் சிந்திய கதிர்களை அவர்களுக்கென விட்டுவைக்கும்படி சட்டமே இருக்கிறது. மேரீஸ் மீல்ஸ் இந்த மரபில் வந்தது, அதை அது மறைப்பதும் இல்லை. ஆனால் உணவுக்கு மதம் நிபந்தனை அல்ல. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாவியில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர் முஸ்லிம்கள். ஏரிக்கரையில் அவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே உணவுதான். பணியாளர்களிலும் நன்கொடையாளர்களிலும் பல மதத்தவரும் மதநம்பிக்கை இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

பணம் பெரும்பாலும் சாதாரண மக்களிடமிருந்து, சிறு தொகைகளாக வருகிறது. பங்கு ஆலயங்கள், பள்ளிகள், குடும்பங்கள் திரட்டித் தருகின்றன. வரும் பணத்தில் குறைந்தது 93 சதவீதம் நேரடியாக அறப்பணிக்கே செலவாக வேண்டும் என்பது நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட அளவு. ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் உணவு கொடுக்க 2023 வாக்கில் 19.15 பவுண்ட், அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆனது. சம்பளமில்லாமல் சமைக்கும் பல்லாயிரக்கணக்கான பெண்களின் உழைப்புதான் செலவை இவ்வளவு குறைவாக வைத்திருக்கிறது. தலைமை அலுவலகம் கிளாஸ்கோ நகரில் இருந்தாலும், நிறுவனர் பல ஆண்டுகள் டால்மாலியின் பழைய கொட்டகையைத் தம் அலுவலகமாக வைத்திருந்தார். 2023-ல் ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற அஸ்தூரியாஸ் இளவரசி விருது, நல்லிணக்கப் பிரிவில் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

போரும் நோயும் வந்தபோது

மலாவியிலிருந்து இந்த ஏற்பாடு லைபீரியா, கென்யா, சாம்பியா, ஜிம்பாப்வே, தெற்கு சூடான், எத்தியோப்பியா முதலிய நாடுகளுக்கும் பரவியது. கென்யாவின் வறண்ட துர்க்கானா பகுதியில் லோட்வார் மறைமாவட்டத்தோடு சேர்ந்து சிறு குழந்தைகளுக்கு உணவளிக்கிறது. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் 2020 முதல் 2022 வரை நடந்த போரில் பள்ளிகள் அகதி முகாம்களாயின. அங்கே கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை மூலம் இடம்பெயர்ந்தோருக்கு உணவு சென்றது.

பள்ளி மூடினால் பள்ளி உணவு என்னாகும் என்ற கேள்வி இரண்டு முறை பெரிதாக எழுந்தது. 2014-ல் எபோலா பரவியபோது லைபீரியாவின் பள்ளிகள் மூடப்பட்டன. 2020-ல் கொரோனா பெரும்பாலான நாடுகளில் பள்ளிகளை மூடவைத்தது. இரு முறையும் சமைத்துக் கொடுப்பதை நிறுத்தி, வீட்டில் காய்ச்சிக்கொள்ளும்படி தானியத்தையும் மாவையும் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைச் சிதைத்தது, 2024-ல் கடும் வறட்சி வந்தது. பருவம் பொய்க்கும் ஆண்டுகள் அடுத்தடுத்து வர, பள்ளிக் கஞ்சியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

கஞ்சியால் தீராதவை

கஞ்சி பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருகிறது, அங்கே இருக்கவும் வைக்கிறது. அதற்கு மேல் உள்ளவை கஞ்சியால் தீர்வதில்லை. பிள்ளைகள் அதிகம் வந்தால் ஏற்கெனவே நெரியும் வகுப்பு இன்னும் நெரிகிறது. ஆசிரியர், கட்டடம், புத்தகம் எல்லாம் அரசின் பொறுப்பு. எட்டு வகுப்புகளைக் கொண்ட தொடக்கப் பள்ளியை முடித்த பின் இடைநிலைப் படிப்பு பல ஏழை வீடுகளுக்குக் கைக்கு எட்டாமல் நிற்கிறது. 2017-ல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, திருமண வயது விதிவிலக்கின்றிப் பதினெட்டு என்றாக்கிய பிறகும், வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுப்பது முற்றாக நிற்கவில்லை. பள்ளியில் சாப்பாடு கிடைக்கும்போது, அந்த முடிவை நோக்கித் தள்ளும் நெருக்கடி கொஞ்சமாவது தளர்கிறது. கைம்பெண்ணின் சொத்துரிமைக்குச் சட்ட உதவியும், வயலுக்கு நீரும் விதையும் தனியே வேண்டும்.

நன்கொடையை நம்பி நடக்கும் எந்தத் திட்டத்துக்கும், கொடுப்பவர் கை சுருங்கினால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. பள்ளி உணவை அரசுகளே தம் கடமையாக ஏற்று நடத்துவதுதான் நிலையான வழி. அதுவரை காத்திருக்கப் பிள்ளைகளின் வயதுக்குப் பொறுமை இல்லை. யுனெஸ்கோவின் 2022 அறிக்கைப்படி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பள்ளிக்கு வெளியே இருக்கும் சிறுவர்களும் இளையோரும் 9.8 கோடிப் பேர். அத்தனை பேரையும் ஒரு தொண்டு நிறுவனத்தால் எட்ட முடியாது. ஆனால் ஓர் ஊரின் கைம்பெண்களும் பாட்டிகளும் முறைவைத்துச் சமைக்க, எங்கோ உள்ள குடும்பங்கள் மாவுக்குப் பணம் தர, பெற்றோரில்லாத பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க முடியும் என்பதை மேரீஸ் மீல்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துகாட்டிவருகிறது.